சிறு தொட்டிக்குத் தக்க மீன்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிமலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டி ஆத்தூர் என்னும் ஊர் உள்ளது. ஊரை அடுத்துக் காமராசர் சாகர் என்னும் நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. திண்டுக்கல் நகரத்தார் பருகும் நீர் பல்லாண்டுகளாக அங்கிருந்து செல்கிறது. ஏரியும் குளமும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில் மீன்குஞ்சு விடுவோர், கண்ணுக்கு அழகிய மீன் எது என்று பார்ப்பதில்லை. கட்லா மேல்நீரில் இரை தேடும். ரோகு இடைநீரில் மேயும். மிரிகால் அடிச்சேற்றைக் கிளறி உண்ணும். மூன்றையும் ஒரே குளத்தில் விட்டால் ஒன்றன் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. விரால் புகுந்த குளத்தின் கதையோ வேறு. அது ஊனுண்ணி, சிறு குஞ்சுகளைத் தின்றே கொழுக்கும். அதனால், குஞ்சு விடுமுன் குளத்தை வற்றச் செய்து, விராலையும் கெளுத்தியையும் நீக்கிவிடுவர்.

உள்நாட்டு மக்களுக்கு நன்கு பழகிய இவ்வறிவை, வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் வளர்ப்போர் பலர் மறந்துவிடுகின்றனர். குளம் பெரிது, தோற்ற மீனுக்கு ஓடி ஒளிய இடம் உண்டு. 60 செ. மீ. நீளமும் 45 செ. மீ. அகலமும் 40 செ. மீ. உயரமும் உள்ள தொட்டியில், கற்களும் மணலும் அடைத்த இடம் போக, 100 லிட்டர் நீர்கூட நில்லாது. அதில் ஒரு மீன் மற்றொன்றைத் துரத்தினால், துரத்தப்பட்டது எங்கே போகும்? ஆகவே குளத்திற்கு மீன் தெரிவதினும் தொட்டிக்கு மீன் தெரிவதற்கு மிகுதியான அறிவு வேண்டும். நம் புலவர்கள் கயலையும் சேலையும் கண்ணுக்கு உவமை கூறி மகிழ்ந்தனர். உவமைக்கு அழகு ஒன்றே போதும். உடன்வாழ்வுக்கு அது போதாது.

கடல் தொட்டிக்கென விற்கப்படும் மீன்களுள் 'ராஸ்' என்னும் குடும்பத்து மீன்கள் அழகிற் சிறந்தவை. தெரிவதற்கு அரியவையும் அவையே. பவளப்பாறைகளிலும் பிற கடல்களிலும் வாழும் இக்குடும்பத்தில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. நம் கடற்கரையில் கிளிமீன் என்று சொல்லப்படுவன இவற்றுக்கு நெருங்கிய உறவின. ராஸ் மீன்களுக்கு உதடு தடித்திருக்கும். முன்பற்கள் வெளியே நீண்டிருக்கும். வாலை வீசி நீந்துவது குறைவு. செவுளையடுத்த இரு துடுப்புகளையும் ஓடக்காரன் துடுப்பு வலிப்பதுபோல் வலித்துச் செல்லும். இக்குடும்பத்தில் சுண்டுவிரலளவே வளர்வனவும் உண்டு. இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் மாபெருந் தலையனும் உண்டு. 'ராஸ் ஒன்று கொடுங்கள்' என்று கடையிற் கேட்பது, 'விலங்கு ஒன்று கொடுங்கள்' என்று கேட்பது போன்றதே. பூனையும் விலங்கு, புலியும் விலங்கு.

மன்னார் வளைகுடாவிலும் ராஸ் மீன்கள் பலவாக வாழ்கின்றன. இராமேசுவரத்தை அடுத்த பகுதி தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக உள்ளன. அத்தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. கடல்மீன் இயல்பை அறிய விரும்புவோர் முதலில் நினைக்கவேண்டிய இடம் அதுவே. அங்கே வாழும் பிறைவால் ராஸ் மீனை எடுத்துக்கொள்வோம். பச்சையும் நீலமும் கலந்த உடல். முகத்தில் இளஞ்சிவப்புக் கோடுகள். இளம்பிறை போல் வளைந்த வால். இளமையில் விரலளவே இருக்கும் இம்மீனைக் கண்டு மயங்காதவர் இலர். ஆயின் அது 25 செ. மீ. வரை வளரும். பகல் முழுதும் ஓயாது திரியும். நண்டு, இறால், நத்தை, சிறுமீன் என்று வாய்க்கு அகப்பட்டதெல்லாம் உண்ணும். நம் 60 செ. மீ. தொட்டி அதற்கு உடல் திரும்பவே போதாத சிறையாகும். உடன் விடப்பட்ட சிற்றிறால்களுக்கோ அது கொலைக்களம். இந்தியப் பெருங்கடலுக்குரிய கோரிஸ் இனத்து ராஸ் ஒன்று இன்னும் ஏமாற்றும். குஞ்சாக இருக்கும்போது செந்நிற உடலில் கருங்கரை கட்டிய வெண்பட்டைகளோடு, ஓவியன் தீட்டிய பொம்மை போல் இருக்கும். வளர்ந்தபின் அந்நிறமும் இல்லை, அவ்வுருவும் இல்லை. 60 செ. மீ. வரை நீளும் அம்மீன், கற்களைப் புரட்டி அடியிலிருப்பதைத் தின்னும். தொட்டியின் நீளமும் 60 செ. மீ.; மீனின் நீளமும் 60 செ. மீ. என்றால் மேலே கூற வேண்டுவது யாது? கடையில் காண்பது மீனின் குழந்தைப் பருவம் மட்டுமே. முதுமையை விசாரியாமல் வாங்கலாகாது.

பெரிய மீன்களைத் தவிர்ப்பது எளிது. அளவைக் கேட்டால் போதும். சிறிய மீன் ஒன்றையே தவிர்க்க வேண்டிவரும்போதுதான் மனம் இசையாது. துப்புரவு ராஸ் அத்தகையது. 10 செ. மீ. அளவில், நீல உடலில் தலை முதல் வால் வரை ஒரு கரும்பட்டை ஓட, அமைதியாக இருக்கும் மீன் இது. தொட்டியிலுள்ள எவரையும் கடியாது. ஆனாலும் சிறு தொட்டிக்கு இது ஆகாது. காரணத்தை அறிய இதன் தொழிலை அறிதல் வேண்டும்.

பவளப்பாறையில் துப்புரவு மீனுக்கென ஓர் இடம் உண்டு. நாவிதர் கடையைத் தேடி ஊரார் வருவது போல அவ்விடத்தைத் தேடிப் பிற மீன்கள் வரும். முறைக்குக் காத்து நிற்கும். பெருமீன்களும் வாயைத் திறந்து, செவுளை விரித்து, அசையாது நிற்கும். இச்சிறுமீன் அவற்றின் வாய்க்குள்ளும் நுழைந்து, உடலிற் பற்றிய ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் ஆராய்ந்த குரட்டர் என்னும் அறிஞர், ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது என்று 1996இல் கணக்கிட்டு வெளியிட்டார். அதற்காக அது நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தடவை மீன்களைச் சோதிக்கிறதாம். சிறு பாறைகள் சிலவற்றிலிருந்து துப்புரவு மீன்களை அகற்றிப் பல ஆண்டுகள் பார்த்தபோது, அப்பாறைகளில் பிற மீன்களின் எண்ணிக்கையும் வகையும் குறைந்தமை காணப்பட்டது. கண்ணாடியில் தன் உருவைக் கண்டு, தன் தொண்டையில் இட்ட புள்ளியைக் கல்லில் தேய்த்துப் போக்க முயன்ற மீனும் இதுவே. ஜப்பானிய ஆய்வாளர் இதனை 2019இல் தெரிவித்தனர். இன்னதென்று அறிந்துதான் அது அவ்வாறு செய்ததா என்பது குறித்து அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதம் நிற்க.

இப்பொழுது கணக்குப் பாருங்கள். நம் தொட்டியில் மூன்று நான்கு மீன்கள் இருக்கும். அவற்றின் உடலில் ஆயிரத்திருநூறு ஒட்டுண்ணிகள் நாள்தோறும் எங்கிருந்து வரும்? துப்புரவு மீன் பசியால் அந்த நான்கு மீன்களையே ஓயாது மொய்க்கும். அவற்றின் உடலிலுள்ள வழுவழுப்பான பூச்சைச் சுரண்டித் தின்னும். அவை அஞ்சி ஒளியும். இதுவோ நாளுக்கு நாள் மெலியும். வேறு இரை உண்ணப் பழகுவதும் உண்டு. ஆயினும் பழகாது இறப்பவை பல. கெட்ட குணம் ஒன்றும் இல்லாத மீன், உற்ற தொழில் இல்லாத இடத்தில் தானும் கெட்டு, உடன் இருப்பவர்க்கும் தொல்லையாகிறது. இதனைக் கடலிலேயே விட்டுவைப்பதுதான் தக்கது.

வணிகர் மிகுதியாகக் காட்டும் மற்றொரு மீன் அறுவரி ராஸ். ஊதா உடலில் ஆறு செம்மஞ்சள் வரிகள். நீளம் 8 செ. மீ. அளவு. வலிவுடையது, நோய்க்கு எளிதில் ஆட்படாது, கொடுத்ததை உண்ணும், சிறு புழுக்களையும் பொறுக்கித் தின்று தொட்டிக்கு நன்மை செய்யும். இத்தனை நற்குணம் உடையது உடன்வாழ்வுக்கும் ஏற்றதாகும் என்றே எவரும் கருதுவர். ஆனால் அது தொட்டி முழுவதையும் தன் எல்லையாக வளைத்துக்கொள்ளும் இயல்பினது. தனக்குப் பின் வந்த சாதுவான மீன்களைக் கல்லிடுக்கில் நின்று வெளிவரவொட்டாமல் துரத்தும். சில நாளில் அவை இரையின்றி இறக்கும். எல்லா அறுவரியும் ஒரே தன்மையின அல்ல. சில அடங்கியிருக்கும், முதலாண்டில் அடங்கியிருந்து இரண்டாம் ஆண்டில் கொடுங்கோலனாவனவும் உண்டு. கட்டாயம் அதுவே வேண்டும் என்பார், பிற மீன்களையெல்லாம் முன்னர் விட்டு, அவை இடம் பிடித்து நிலைத்தபின், கடைசியாக இதனை விடவேண்டும். முதலில் வந்தவனுக்கே இடம் சொந்தம் என்னும் வழக்கு மீன்களிடத்தும் செல்லும்.

ராஸ் மீன்களின் வாழ்வில் வியக்கத்தக்க செய்தி ஒன்றையும் இங்கே அறிதல் வேண்டும். அது தெரிவுக்கும் பயன்படும். இவற்றுள் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்து, பின்னர் ஆணாக மாறவல்லன. துப்புரவு ராஸ் ஓர் ஆணும் சில பெண்களுமாகக் கூடி வாழும். ஆண் இறந்துவிட்டால், பெண்களுள் பெரியது சில மணி நேரத்திற்குள் ஆணின் நடையை மேற்கொள்கிறது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் உடலாலும் ஆணாகி விடுகிறது. ராபர்ட்சன் என்பவர் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்து 1972இல் வெளியிட்ட உண்மை இது. பிற ராஸ்களிலும் இத்தகைய மாற்றம் உண்டு. பலவற்றில் பால் மாறும்போது நிறமும் மாறும். ஒரே இனத்தைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் வேறு வேறு மீன்கள் என்று முன்னாளில் தனித்தனிப் பெயர் பெற்றதும் உண்டு. ஆகவே பெண் என்று எண்ணி இரண்டு வாங்கி வைத்தால், ஒன்று ஆணாகலாம். இரண்டும் ஆணாகிவிட்டால் போர்தான். 100 லிட்டர் தொட்டிக்கு ராஸ் ஒன்று போதும்.

அந்த ஒன்று எது? பாராகைலினஸ் என்னும் இனத்தின் ஆண்கள் துடுப்புகளை விரித்து மயில் போல் ஆடும். அவை சாதுவானவை, 8 செ. மீ. அளவே வளர்வன. ஆயின் வெளிநீரில் விரைந்து நீந்துவன ஆதலின், இதனினும் இருமடங்கு நீர் இருந்தால் நலம். மஞ்சள் ராஸ் பொன்னிறம் உடையது, 12 செ. மீ. வளரும், இரவில் மணலுக்குள் புதைந்து உறங்கும். அதற்குக் குறைந்தது 5 செ. மீ. ஆழத்துக்கு நுண்மணல் வேண்டும். கூரிய சரளைக்கல் இட்ட தொட்டியில் அது புதைய முயன்று உடலைக் கிழித்துக்கொள்ளும். அதற்கும் பெரிய தொட்டியே தக்கது.

நம் சிறு தொட்டிக்கு ஏற்றது என நான் கருதுவது வெட்மொரெல்லா என்னும் இனம். வணிகர் போசம் ராஸ் என்பர். செங்கபில நிறமும், மெல்லிய வெண்கோடுகளும், கூர்முகமும், துடுப்புகளில் கண்போன்ற கரும்புள்ளியும் உடையது. வகைக்கேற்ப 6 முதல் 8 செ. மீ. அளவில் நின்றுவிடும். பாறை முழைகளில் வாழும் கூச்சமுள்ள மீன். கல்லிடுக்குகளில் மெல்ல மெல்ல ஊர்ந்து, கண்ணுக்கு அரிதாகத் தோன்றும் ஓட்டுடலிகளைப் பொறுக்கி உண்ணும். பிற மீனைத் துரத்தாது. பிற மீன் துரத்தினால் எதிர்க்கவும் அறியாது. கடையில் பிற மீன்களின் பகட்டுக்கிடையே இதனை யாரும் ஏறிட்டும் பாரார். கோமாளி மீன் ஓர் இணையோடு இது நன்கு கூடி வாழும். அறுவரி இருக்கும் தொட்டியில் மட்டும் இதனை விடலாகாது.

கோமாளி மீனைக் குறிப்பிட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1947இல் நிறுவப்பெற்ற அந்நிலையம், பின்னர் மண்டபத்தில் நிலைகொண்டு, 1971இல் கொச்சிக்குத் தலைமையிடம் மாறும் வரை அங்கிருந்தே பணியாற்றியது. இன்றும் மண்டபத்தில் அதன் வட்டார நிலையம் இயங்குகிறது. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை அந்நிலையத்தார் வகுத்துள்ளனர். அவ்வாறு பிறந்த மீனை வாங்குவதால் கடலுக்கு இழப்பில்லை. ராஸ்களோ இன்றும் பெரும்பாலும் கடலிற் பிடிக்கப்பட்டு வருவனவே. நாம் தவறாகத் தெரிந்து இறக்கவிடும் ஒவ்வொரு ராஸுக்கும் ஈடாக மற்றொன்றைக் கடலிலிருந்துதான் பிடித்தாக வேண்டும்.

பவளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொட்டியை உண்மைப் பவளப்பாறை போலாக்க ஆசைப்பட்டுப் பவளத்தைப் பெயர்த்தெடுத்தலோ வாங்கலோ கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு நிகராக, 2001இல் பாறை கட்டும் பவளங்களும் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீரும் 1986 முதல் தேசியப் பூங்காவாக உள்ளன. அங்கே முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல் வெட்டினர். அலையைத் தடுத்து நின்ற அரண் அழிந்ததனால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 21 தீவு என்று நாம் எண்ணும்போது, அவ்விரண்டையும் பழைய நினைவால் சேர்த்தே எண்ணுகிறோம். தொட்டிக்குச் செயற்கைக் கல்லே போதும். போசம் ராஸுக்கு வேண்டுவது முழை. அது சுடுமண்ணால் ஆனதா என்று அம்மீன் கேளாது.

ஆத்தூர் போன்ற உள்நாட்டூரில் கடல்நீருக்கு என் செய்வது? நல்ல நீரில் கடலுப்புக் கலவையைச் சேர்த்து ஆக்கிக்கொள்ளலாம். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ. சமையல் உப்பு இதற்கு உதவாது. கடலில் அவ்வுப்போடு மக்னீசியம், கால்சியம் முதலியனவும் கலந்துள்ளன. குழாய்நீரில் இடும் குளோரினை நீக்கிவிடல் வேண்டும். சித்திரை வைகாசியில் வெப்பக்காற்று வீசும் இச்சமவெளியில் தொட்டிநீர் விரைந்து வற்றும். வற்றிய அளவுக்கு உப்புநீரையே ஊற்றுவோர் உளர், அது பிழை. ஆவியாகிச் செல்வது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே நிற்கிறது. மேலும் மேலும் உப்புநீர் ஊற்றினால் தொட்டி உப்பளமாகிவிடும். நன்னீரே ஊற்றுக. நீரின் வெப்பம் 27 பாகைக்கு மேல் ஏறாதிருக்க, நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வீசச் செய்வர். மண்பானை நீர் குளிர்வதும் இவ்விசிறியால் தொட்டி குளிர்வதும் ஒரே காரணத்தாலேயாம்.

நீர் ஆயத்தமான அன்றே மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா தோன்றும், அது நஞ்சு. கல்லிலும் மணலிலும் பெருகும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட் ஆக்கி, பின்னர்த் தீமை குறைந்த நைட்ரேட் ஆக்கும். இவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். போசம் ராஸுக்கு இன்னும் சில வாரம் காத்திருப்பது நன்று. அதற்குள் அது பொறுக்கி உண்ணத்தக்க சிற்றுயிர்களும் கற்களிடையே பெருகியிருக்கும். தொட்டியின் வாயை நுண்ணிய வலையால் மூடிவிடுக. ராஸ் குடும்பத்து மீன்கள் அச்சத்தால் நீரைவிட்டு எம்பிப் பாய்வன. இரவில் விளக்கைத் திடீரென ஏற்றினாலும் போதும்; காலையில் தரையில் உலர்ந்து கிடக்கும். சிறு துளையும் அதற்கு வாயிலாகும்.

சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ணமீன் கடைகள் பல உள்ளன. அங்கே மீனைக் காட்டியவுடன் பணத்தை எடுக்க வேண்டா. கண்ணெதிரே இரை இடச் சொல்லுங்கள். உண்ணாத மீன் எத்துணை அழகியதாயினும் வேண்டா. வயிறு ஒட்டியதும், வேகமாக மூச்சு வாங்குவதும், உடலில் புண் உடையதும் விலக்கத்தக்கன. வளர்ந்தால் எத்தனை செ. மீ. ஆகும், எங்கே உறங்கும் என்று கேளுங்கள். விடை சொல்ல அறியாத கடையில் பொருள் வாங்குவானேன்?

பிராணவாயு நிரப்பிய பையில் வந்த மீனை, பையோடு தொட்டிநீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குக. பின்னர்த் தொட்டிநீரைச் சிறிது சிறிதாகப் பைநீரோடு கலந்து, விளக்கை அணைத்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பைநீரை ஊற்ற வேண்டா. முன்னரே கோமாளி மீன் இருந்தால், துளையிட்ட தெளிந்த பெட்டியில் புதுமீனை இரண்டு மூன்று நாள் தொட்டிக்குள்ளேயே வைப்பது நல்ல உபாயம். ஒன்றையொன்று காணும்; தீண்ட இயலாது. பழைய மீனின் சினம் தணிந்தபின் பெட்டியைத் திறக்கலாம். சினம் தணியாவிடில், தொட்டியின் ஒரு புறத்தில் வெளியே கண்ணாடி ஒன்றைச் சார்த்தி வைப்பர். பழைய மீன் தன் நிழலோடு மல்லாடிக்கொண்டிருக்க, புதுமீன் தனக்கொரு முழை தேடிக்கொள்ளும்.

முதல் சில நாள் போசம் ராஸ் கண்ணிற் படாதிருக்கலாம். இறந்ததோ என்று கற்களைப் பெயர்த்துத் தேடாதீர்கள். மைசிஸ் என்னும் சிற்றிறாலையோ ஆர்டீமியாவையோ சிறிதளவு, நாளுக்கு இருமுறை, அது ஒளிந்த கல்லருகே சொட்டுக்குழலால் விட்டுவாருங்கள். ஒரு வாரம் கழிந்தபின், மாலை விளக்கு மங்கும் நேரத்தில், முழையின் வாயில் ஒரு கூர்முகம் தோன்றும். இரண்டு கண்களும் தனித்தனியே சுழன்று உங்களைப் பார்க்கும்.